சம்மர் ஸ்கூல் இன்டர்ன்ஷிப்: டீச்சர் உங்களைத் தேட வேண்டும்

நியூயார்க்கில் இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி என்ற அகதி உதவி அமைப்பு பல கோடைகளாக நடத்திவரும் ஆறு வாரப் பள்ளிக்கு ரெஃப்யூஜி யூத் சம்மர் அகாடமி என்று பெயர். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த அகதிக் குழந்தைகளை அங்குள்ள பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வது அதன் வேலை. இப்படிப்பட்ட சம்மர் ப்ரோக்ராம்கள் மற்ற ஊர்களிலும் உண்டு. வகுப்பை நடத்துபவர் லீட் டீச்சர். அவருக்குத் துணையாக நிற்கும் கிளாஸ்ரூம் இன்டர்ன் இடத்துக்குத்தான் கல்வி, சோஷியல் வொர்க், சைக்காலஜி மாணவர்கள் முட்டி மோதுகிறார்கள். அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்களும் முயற்சி செய்யலாம். வெறுமனே நல்ல மனசு இருந்தால் போதாது, திட்டம் வேண்டும்.

1. விண்ணப்பத்தில் குழந்தைகள் மீதான பாசத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கோஆர்டினேட்டருக்குத் தெரிய வேண்டியவை வேறு. எல்லா வாரமும் வருவீர்களா? காலையில் நேரத்துக்கு வருவீர்களா? சிறு பிள்ளைகள் கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் உண்டா? என்னென்ன மொழி பேசுவீர்கள்? ஹிந்தி பேச வருமென்றால் கட்டாயம் எழுதுங்கள். பாகிஸ்தானில் சில வருடம் இருந்துவிட்டு வந்த ஆப்கன் குழந்தைகள் பலருக்கு உருது புரியும். உங்கள் ஹிந்தி அங்கே கைகொடுக்கும்.

2. பேப்பர் வேலையை முதலில் முடியுங்கள். கைரேகை, பேக்கிரவுண்ட் செக் எல்லாம் இழுத்துக்கொண்டே போகும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் சம்பளமில்லாத வேலைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். யுனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் ஆபீஸில் முன்கூட்டியே கேளுங்கள். சிபிடி (படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான அனுமதி) தேவை என்று சொன்னால், ஐ-20யில் அந்த அனுமதி ஏறிய பிறகுதான் வகுப்பில் கால் வைக்க வேண்டும்.

3. முதல் வாரம் பெயர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதே மாதிரி உச்சரியுங்கள். உங்கள் வசதிக்காகச் சுருக்காதீர்கள். இதற்கு டிகிரி தேவையில்லை, ஆனால் டீச்சர் கவனிக்கும் முதல் விஷயம் இதுதான்.

4. இனி முக்கியமான ஸ்கில்: காத்திருப்பது. புது மொழிக்குள் வந்த குழந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொதுவாக டீச்சர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் சரியாகவும் வருகின்றன என்று கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆராய்ந்து சொன்னார். இரண்டாவது மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு அதைவிட அதிகம் தேவை. மனசுக்குள் எண்ணுங்கள். இடையில் புகுந்து நீங்களே பதில் சொல்லாதீர்கள். படத்தைக் காட்டுங்கள், செய்து காட்டுங்கள், வாக்கியத்தின் முதல் பாதியைக் கொடுத்து மீதியை அவர்களை முடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மைதானத்தில் சரளமாக இங்கிலீஷ் பேசும் பையன் சயின்ஸ் பாடத்தில் திணறினால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இந்த வித்தியாசத்தை 1979லேயே பிரித்துக் காட்டினார். பேச்சு மொழி சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழிக்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும்.

5. உங்கள் மதிப்பு ஏறும் இடம் கணக்குப் பாடம். பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். வகுத்தலை எழுதும் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறும். சில ஊர்க்காரர்கள் எழுதும் 1, அமெரிக்கக் கண்ணுக்கு 7 மாதிரி தெரியும். அரபியிலோ ஆப்கன் மொழியான தாரியிலோ படித்த பிள்ளைக்கு எண் வடிவங்களே வேறு, எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். இருபது பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சருக்கு நோட்டில் தப்பான விடை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் காரணம் தெரியும். "இவளுக்கு வகுத்தல் நன்றாக வருகிறது, எழுதும் முறைதான் வேறு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, அந்தப் பெண்ணைத் தேவையில்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதைத் தடுக்கலாம். இந்த வேலையில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரியவில்லை.

தினமும் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "கவனம் இல்லை" என்பது உங்கள் அபிப்பிராயம். "மூன்று படி கொண்ட கட்டளையில் முதல் படியை மட்டும் செய்தான்" என்பது தகவல். முழுப் பெயர் எழுத வேண்டாம். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் டீச்சரிடமே கொடுத்துவிடுங்கள்.

6. கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு. எப்படி வந்தாய், அப்பா எங்கே, பேப்பர் இருக்கிறதா? இவற்றைக் கேட்கவே கூடாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982ல் ப்ளைலர் எதிர் டோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேப்பர் பற்றிய கேள்விக்கு உங்கள் வகுப்பில் வேலையே இல்லை. பிள்ளை தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும். ஃபயர் ட்ரில் நடக்கப் போகிறது என்றால் பிள்ளைகளை முதலிலேயே தயார்படுத்தச் சொல்லி டீச்சருக்கு நினைவூட்டுங்கள். குண்டுச் சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தைக்கு அலாரம் வேறு மாதிரி கேட்கும். இன்ஸ்டாகிராமில் போட்டோ போடுவது அறவே கூடாது. தப்பித்து வந்த குடும்பம் இருக்கும் இடத்தை அது காட்டிக் கொடுத்துவிடக்கூடும்.

7. உங்களுக்கு வர வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் டீச்சரிடம் பத்து நிமிடம் கேட்டு, எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விசாரியுங்கள். மறுநாளே மாற்றிக் காட்டுங்கள். ரெகமண்டேஷன் லெட்டரைக் கடைசி வாரத்திலேயே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "நல்ல பிள்ளை" என்று பொதுவாகத்தான் வரும். நீங்கள் செய்த நான்கு வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் எழுதுவது சுலபம். ரெஸ்யூமேயில் "ஆசிரியருக்கு உதவினேன்" என்று எழுதாதீர்கள். எத்தனை பேர் கொண்ட குழு, எந்த வயது, எந்தப் பாடம், நீங்கள் தயாரித்த மெட்டீரியல் என்ன என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் குழந்தைகள் பட்ட துயரத்தைக் கதையாகச் சொல்லி இடம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கதை அவர்களுடையது. நீங்கள் கவனித்தது என்ன, அதை யாரிடம் சொன்னீர்கள், மறுநாள் வகுப்பில் என்ன மாறியது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.