ஒரே நாள் லீவு: அருவியா, கடலா, பக்கத்து ஊரா?

தீபாவளி முடிந்ததும் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் மூடிவிடும். மறுபடி பூஜை போட்டு வேலை ஆரம்பிக்கச் சில வாரங்கள் ஆகும். வருஷம் முழுக்க மருந்தும் திரியுமாகக் கிடந்த குடும்பங்களுக்கு வெளியூர் போக வாய்ப்பது அப்போதுதான். போனஸில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிள்ளைகள் நச்சரிப்பார்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து வேன் பேசும். போகிற இடம் மட்டும் கடைசி வரை முடிவாகாது. ஒருவர் குற்றாலம் என்பார், இன்னொருவர் கன்னியாகுமரி என்பார். "எதுக்கு அலைச்சல், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிட்டு வந்துரலாம்" என்பார் பாட்டி.

மூன்றுமே நல்ல இடங்கள்தாம். எது பெரிய இடம் என்று பேசிக்கொண்டிருந்தால் முடிவு வராது. போன இடத்தில் எதற்காகப் போனோமோ அது நடக்காமல் போனால் மிச்ச நாளை என்ன செய்வோம்? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற இடமே நல்ல தேர்வு. அருவியில் குளிக்கத் தடை, படகு நிறுத்தம், மலைப்பாதை அடைப்பு எல்லாம் நம் பக்கத்தில் வாடிக்கையாக நடப்பவை.

உலகத்தின் அந்தக் கோடியிலும் இதே கணக்குதான். அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் சில மணி நேரமே நிற்கும். இறங்குகிற குடும்பம் ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் மேலேயே இறங்கி நடக்கலாம். இல்லையென்றால் ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. பஸ்ஸில் போய், மெண்டன்ஹால் பனியாற்றை ஏரிக்கு இக்கரையில் நின்று பார்க்கலாம். ஹெலிகாப்டர் பயணம் ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் செலவு அதிகம், ஆளை எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள், மேகம் இறங்கிவிட்டால் பறக்காது. கட்டிய காசு திரும்பக் கிடைத்தாலும் போன நாள் திரும்பாது. கப்பலும் காத்திருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெரிய ஆசையைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, அது நின்றுபோனால் பஸ்ஸில் போவதென்று முன்பே முடிவு செய்துவிடுவார்கள். நாமும் அப்படித்தான் திட்டமிட வேண்டும்.

நம் லீவும் வானமும்

குற்றாலத்தில் சாரல் ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை இருக்கும். அது தென்மேற்குப் பருவக்காற்று தருவது. அந்த மாதங்களில் ஆலைகளில் தீபாவளி ஆர்டர் நெருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கைக்கு வரும். நீண்ட லீவு கிடைப்பதோ ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வடகிழக்குப் பருவமழை. சாரல் மாதிரி பூவாகத் தூவாது, கொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களே தண்ணீரில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் ஊரைச் சுற்றி வெள்ளம் நிற்க மாட்டிக்கொண்டார்கள்.

அச்சகக் குடும்பங்களுக்கு வேறு காலம். ஆடியில் தொடங்குகிற காலண்டர் வேலை புத்தாண்டு வரை விடாது. பொங்கலுக்குப் பிறகுதான் மூச்சுவிட நேரம். தை, மாசியில் அருவி வற்றத் தொடங்கிவிடும், ஆனால் வெயில் ஏறியிருக்காது. ஆக, ஒரே தெருவில் இருந்தாலும் பட்டாசு வீட்டுக்குச் சரியான இடம் அச்சக வீட்டுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் லீவு எந்த மாதம் என்று பாருங்கள்.

குற்றாலம்

சிவகாசியிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் வசதி உண்டு. விருதுநகர்–செங்கோட்டை ரயில் பாதை திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் தென்காசிக்குப் போகிறது. ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

இந்தப் பயணத்தின் பலம், குடும்பத்தில் எல்லோருக்கும் அதில் பங்கு இருப்பது. குளிப்பதற்கு வயது வித்தியாசம் இல்லை. பேரருவியில் தண்ணீர் பாறையில் பட்டுத் தெறித்து விழுவதால் பாட்டியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பெண்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறது. கூட்டம் அதிகமென்றால் ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று நகர்ந்துகொள்ளலாம். புலியருவி சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை உண்டு, வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

பேரருவிக்கு முன்னால் போனதும் அங்கே கட்டியிருக்கும் ஆர்ச்சைப் பாருங்கள். தண்ணீர் பாறையை ஒட்டி அதற்கு உட்புறம் விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி வெளியே கொட்டினால் போலீஸ் யாரையும் விடாது. அதில் மனத்தாங்கல் வேண்டாம். இங்கே வருகிற தண்ணீர் மேலே காட்டுக்குள் பெய்த மழை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள், 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, யாரும் விசில் ஊதும் வரை காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

தடை போட்டிருந்தால் என்ன செய்வது? குற்றாலநாதர் கோயிலும் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையும் நடந்து போகிற தூரம். சித்திரசபையின் சுவர் ஓவியங்களைக் காட்டினால் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் நன்றாகப் போகும். இலஞ்சி குமாரர் கோயில், பண்பொழி திருமலைக்கோயில் இரண்டும் அருகில். திருமலைக்கோயிலுக்கு வண்டியிலேயே ஏறலாம். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பினால் நாள் வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறை ஒன்றுதான்: சீசன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஏழு மணிக்குள் அருவியில் இருந்தால் சமாளிக்கலாம், பத்து மணிக்குப் போய் இறங்கினால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

கன்னியாகுமரி

சாத்தூர் போய் நான்குவழிச் சாலையைப் பிடித்து, கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாக 180 கி.மீ. சொச்சம். மூன்றரை மணி நேரம் ஆகும். கடலைப் பார்த்தே இராத பிள்ளைக்கு முதல் தடவை காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கே ஹெலிகாப்டருக்குச் சமானம் படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறைக்குப் போகின்றன. 1970இல் திறந்த மண்டபம் ஒரு பாறையில், 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலை பக்கத்துப் பாறையில். முன்பெல்லாம் கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் இறங்கினாலோ சிலைக்குப் படகு விட மாட்டார்கள், பாதிப் பேர் மண்டபத்தோடு திரும்பிவிடுவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. பாலத்தின் நடுவில் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகப் பொங்குவது தெரியும். பயப்படுகிற பிள்ளை முதலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வரும்போது முன்னால் ஓடும்.

ஆனால் கரையிலிருந்து பாறைக்குப் போக இன்னமும் படகுதான். காற்று கூடினால் அதையும் நிறுத்திவிடுவார்கள். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானாலே போதும். லீவு நாளில் டிக்கெட் வரிசை நீளம், நிழல் குறைவு. சாதா டிக்கெட்டோடு சிறப்பு டிக்கெட்டும் உண்டு. வயதானவர்கள் இருந்தால் அதற்குக் கொடுக்கிற பணம் வீணில்லை. மாலை நாலு மணியை ஒட்டிப் படகை முடித்துவிடுவார்கள், ஆகவே இதை மாலைக்குத் தள்ளவே கூடாது.

படகு இல்லாவிட்டாலும் கன்னியாகுமரி கைவிடாது. பகவதி அம்மன் கோயில், காந்தி மண்டபம், அதன் பக்கத்திலேயே நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராஜருக்கு மணிமண்டபம். வட்டக்கோட்டை, சுமார் 13 கி.மீ. தள்ளிச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள். பத்மநாபபுரம் அரண்மனை தூரம் கூடுதல், திங்கட்கிழமை மூடியிருக்கும். குறை நேரம்தான். போக வர ஏழு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அஸ்தமனமும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வீடு வந்து சேரப் பத்து மணி ஆகும்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் மலையடிவாரமும்

சிவகாசியிலிருந்து 20 கி.மீ. பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் இதைப் பயணம் என்று மதிப்பதில்லை. அது தவறு. கைக்குழந்தை, முட்டிவலி, கையில் கொஞ்சம் பணம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நகரப் பேருந்து ஓடும் தடத்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமும் இல்லை.

காலையில் ஆண்டாள் கோயில். பதினொரு நிலைக் கோபுரத்தின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்த பிள்ளை அதை மறக்காது. நடை உச்சிவேளையில் சாத்திவிடுவார்கள், அதனால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறகு கடைத்தெருவில் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். விறகடுப்பில் அகலமான கடாயில் பாலை ஊற்றி, நீளக் கரண்டியால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கிற ஆளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பாலும் சர்க்கரையும்தான் சேர்மானம், பக்குவம் கையில் இருக்கிறது.

மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி. மழைக்காலத்தில் வனத்துறை இரண்டுக்குமே தடை போடலாம், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தடை என்றாலும் இழப்பு அதிகமில்லை: கோயில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, அரை மணி நேரத்தில் வீடு.

சதுரகிரியையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். தாணிப்பாறையிலிருந்து பாறையும் ஓடையுமாக மணிக்கணக்கில் ஏற வேண்டிய மலை அது. 2015இல் மேலே பெய்த மழையில் ஓடை பெருகிப் பக்தர்கள் இறந்திருக்கிறார்கள். திடகாத்திரமான பெரியவர்கள் மனத்தில் பக்தியோடு தனியாகப் போகட்டும், பிள்ளைகளோடு போகும் குடும்பச் சுற்றுலாவாக வேண்டாம்.

வண்டியும் திரும்பும் நேரமும்

லோடு ஆட்டோவிலும் குட்டியானையிலும் தார்ப்பாய் விரித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சாமான் ஏற்றுகிற வண்டியில் பிடித்துக்கொள்ளக்கூட எதுவும் இருக்காது. வேன் என்றால் எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளும் வேண்டாம். விடிகாலை கிளம்பி ராத்திரி திரும்புவதானால் டிரைவருக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தூக்கம் கொடுங்கள். உறவினர் வீட்டுக்கென்று பட்டாசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறவே கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பெட்டி நிறைய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மறுநாள் காலையில் மருந்து அறையில் உட்கார வேண்டியவர், முந்தைய இரவு எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கம் மற்ற வேலைகளில் சோர்வோடு போகும். இந்த வேலையில் கை தவறினால் உடன் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் சேர்ந்தது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

யார் எங்கே போகலாம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு ஞாயிறு கிடைத்தால் குற்றாலம். விடியுமுன் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புங்கள். கன்னியாகுமரியை அன்று தொடவேண்டாம்.

தீபாவளி லீவில் தொடர்ந்து பல நாள் கையில் இருந்தால், தேதியை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். இடத்தை முடிவு செய்துவிட்டு வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். எந்த நிற எச்சரிக்கையும் இல்லாத நாளில் கன்னியாகுமரிக்குப் போங்கள். எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், மறுநாள் வேலை இல்லாததால் உங்களால் முடியும். வேன்காரரிடமும் பேசும்போதே அப்படிப் பேசிக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் லீவு கிடைக்கிற அச்சகக் குடும்பங்களுக்கும் கன்னியாகுமரிதான். கைக்குழந்தையோ நடக்கச் சிரமப்படுபவரோ இருக்கும் வீட்டுக்கு எந்த மாதமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூர். பணம் இறுக்கமான வருஷத்திலும் அதுவே. கடன் வாங்கிப் போகும் சுற்றுலா வேண்டாம்.

எங்கே போவதானாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு அருவியில குளிக்கலாம். தண்ணி ஜாஸ்தியா இருந்தா திருமலைக்கோயிலுக்குப் போய்ட்டு, பார்டர்ல பரோட்டா சாப்பிடலாம்." மாற்றுத் திட்டம் முன்பே தெரிந்த பிள்ளை தடைக்கயிற்றுக்கு முன்னால் நின்று அழாது. பெரியவர்களும் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று கயிற்றைத் தாண்ட மாட்டார்கள்.