உலோகங்களின் வெப்பப் பரிகரிப்பும் நீண்டகால வெப்பத்தின் விளைவும்

மாணவர்களே, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்லும் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றால் பயணிகளின் நிலை என்னவாகும்? வெளியேற்று வால்வு போன்ற பகுதிகள் கடும் வெப்பத்திலும் வலிமை இழக்காதிருத்தல் வேண்டும். உலோகத்தின் வலிமை அதில் அடங்கிய மூலகங்களில் மட்டுமன்றி, அது எவ்வாறு வெப்பமேற்றிக் குளிர்விக்கப்பட்டது என்பதிலும் தங்கியுள்ளது.

1. உருக்கு

கொல்லர் உளியைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். இது தோய்ச்சல் எனப்படும். விரைவாகக் குளிர்வதால் காபன் அணுக்கள் வெளியேற முடியாது இரும்பினுள் சிக்கிக்கொள்ளும். உருக்கு வன்மையடையும், ஆனால் எளிதில் நொருங்கும். மீண்டும் 200 – 300 °C வரை மிதமாகச் சூடாக்க நொருங்கும் தன்மை குறையும். சாணைபிடிக்கும்போது உளியின் முனை நீலநிறமாகினால், அது அளவுக்கு மீறிச் சூடேறி வன்மையை இழந்துள்ளது எனக் கொள்க.

2. நிக்கல் மீகலப்புலோகம்

2019 இல் பலாலியில் சர்வதேச விமான சேவை தொடங்கியபோது வந்த ஏ.டி.ஆர். 72 போன்ற விமானங்களின் எஞ்சின்களில், சூடான வாயுவால் சுழலும் அலகுகள் நிக்கல் மீகலப்புலோகத்தாலானவை. 1940களில் பிரித்தானியாவில் உருவான நிமோனிக் 80ஏ இதற்கு உதாரணமாகும். அதில் நிக்கலுடன் ஏறத்தாழ 20% குரோமியமும், சிறிதளவு தைத்தேனியமும் அலுமினியமும் உள்ளன. அதன் பரிகரிப்புப் படிகள்:

(அ) 1080 °C இல் 8 மணித்தியாலம் வைத்தல் – தைத்தேனியம், அலுமினியம் நிக்கலில் முற்றாகக் கரையும்.
(ஆ) வளியில் குளிர்வித்தல்.
(இ) 700 °C இல் 16 மணித்தியாலம் வைத்தல் – நிக்கலும் அவ்விரு மூலகங்களும் சேர்ந்த நுண்துணிக்கைகள் எங்கும் படியும்.

சூடான பாணியில் கரைந்திருந்த சீனி, ஆறியபின் பனங்கற்கண்டாகப் பிரிவதை இதனுடன் ஒப்பிடலாம். இங்கு அது திண்மத்தினுள்ளேயே நிகழ்கிறது. மயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய இத்துணிக்கைகள், அணுப்படைகள் வழுக்குவதைத் தடுக்கும்.

3. நீண்டகால வெப்பம்

பல்லாயிரம் மணித்தியாலங்கள் உயர் வெப்பநிலையில் இயங்கும்போது சிறு துணிக்கைகள் கரைந்து, பெரியவை மேலும் வளரும். அவற்றிடையே இடைவெளி கூடுவதால் தடை குறையும். அலகு சிறிது சிறிதாக நீளும். ஈற்றில் வெடிப்புத் தோன்றலாம். ஆகவேதான் இயங்கிய மணித்தியாலங்களைக் கணக்கிட்டு அலகுகள் பரிசோதிக்கப்படுகின்றன.

மாதிரி வினாக்கள்

வினா 1: தோய்ச்சலின் பின் உளியை மீண்டும் சூடாக்குவது ஏன்?
விடை: நொருங்கும் தன்மையைக் குறைப்பதற்கு.

வினா 2: பழைய அலகை மீண்டும் பரிகரித்துப் பயன்படுத்தலாமா?
விடை: வளர்ந்த துணிக்கைகளைக் கரைத்து மீண்டும் நுண்ணியவையாகப் படியவைக்கலாம். ஆனால் மேற்பரப்பில் ஏற்பட்ட வெடிப்பு இதனால் மாறாது.