வன்சொல்லும் வைத்தியமும்

வைத்தியசாலையிற் பணிபுரிவோர் தம்முட் கூறும் கடுஞ்சொல் மனத்தை மட்டுமே புண்படுத்தும் என்பர் சிலர். அஃது உண்மையன்று. இஸ்ரவேல் தேசத்தில் நடத்தப்பெற்று, 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியை நோக்குக. குறைமாதச் சிசுக்களைப் பேணும் வைத்தியரும் தாதியரும் அடங்கிய 24 குழுவினர்க்கு, நோயுற்ற சிசுவைப் போன்றதொரு பாவையைக்கொண்டு பயிற்சி அளிக்கப்பட்டது. அவருட் சில குழுவினரிடம் மட்டும் நிபுணர் ஒருவர் இகழ்ச்சியாய்ச் சில சொற்கள் கூறினார். இகழப்பட்டோர் நோயை அறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் ஏனையோரிற் பின்தங்கினர். காரணம் யாது? அறிந்ததை ஒருவர்க்கொருவர் உரைப்பதும், உதவி வேண்டுவதும் அவரிடைக் குறைந்தன. ஆதலின், மருத்துவம் பயிலும் மாணவர்காள்! இளையோர் வாய்திறக்க அஞ்சுமிடத்துப் பிழை மறைந்து வளரும். அதன் துன்பத்தை நுகர்பவன் நோயாளியே. இன்சொல்லையும் சிகிச்சையின் ஓர் அங்கமெனக் கொள்வீராக.