கிளினிக் கொப்பியில் இரண்டு பாதங்கள்

உடுவிலில் பிறந்து, வலிகாமத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். எத்தனையோ புதிய நடைமுறைகள் வந்தன. பல, சத்தமில்லாமல் நின்றுபோயின. அப்படி நின்று, பிறகு பிழைத்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சலரோகக்காரரின் பாதத்தைச் சோதிக்க ஒரு நைலோன் இழை இருக்கிறது. உள்ளங்காலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். அந்தத் தொடுகை தெரியாதவருக்குக் காலில் புண் வந்தாலும் தெரியாது. செம்பாட்டுத் தறையில் வெறுங்காலோடு நின்று வெங்காயம் நடுகிற சனத்துக்கு இது எவ்வளவு அவசியம்! நான் வேலை செய்த ஓரிடத்தில் இதைத் தொடங்கினோம். ஒருநாள் பயிற்சி, ஆங்கிலத்தில் ஆறு பக்கப் படிவம். மூன்றாம் கிழமை இழை லாச்சிக்குள் போய்விட்டது.

ஒருவரும் எதிர்க்கவில்லை. ஒரு கிளினிக் நாள் முழுக்க நின்று பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. டொக்டரைப் பார்த்து முடிந்தபின் கால் சோதனை. அந்நேரம் சனத்தின் யோசனை மருந்து வரிசையிலும் பஸ்ஸிலும். இருந்து செருப்பைக் கழற்ற ஒரு வாங்கு இல்லை. மண் பட்ட காலை மிஸ்ஸி தொடுவதா என்று வயதானவர்களுக்குக் கூச்சம் வேறு.

வழி சொன்னது சிற்றூழியர் அக்கா. "பிரஷர் பாக்கக் காத்திருக்கேக்கையே காலைக் கழுவச் சொல்லுவம் மிஸ்ஸி. பைப் பக்கத்திலைதானே."

வாங்கைப் பைப்படிக்கு மாற்றினோம். படிவத்தை விட்டுவிட்டு, இரண்டு பாதங்கள் வரைந்த ரப்பர் முத்திரை ஒன்று செய்வித்தோம். கிளினிக் கொப்பியில் அதைக் குத்தி, உணர்ச்சியில்லாத இடத்தில் புள்ளடி போட்டால் போதும். புதிதாக ஒன்றைக் கொண்டுவருபவர்கள் பயிற்சிக்கு நாள் குறிக்குமுன், அந்த வேலையை அன்றாடம் செய்யப்போகிற ஆட்களோடு இருந்து கதைக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஒரு ஆச்சியிடம், "கண்ணை மூடுங்கோ, நான் தொட்டவுடனை சொல்லுங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டா: "எப்ப பிள்ளை தொடப்போறாய்?" அதற்குள் ஐந்து இடத்தில் தொட்டுவிட்டேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு முள் முறிந்து கறுத்துப்போய்க் கிடந்தது. ஆச்சிக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் நின்ற இளம் தாதிகள் இருவர் குனிந்து பார்த்தார்கள். எந்தச் சுற்றறிக்கையும் தராத நம்பிக்கையை அந்த முள் அவர்களுக்குத் தந்தது.

ஆனால் பழகியவர்கள் இடமாற்றத்தில் போவார்கள்; இப்போது வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பக்கத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீனுக்கும் இதே கவலை இருந்தது. 1848 முதல் அவரிடம் ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். இடையில் அமெரிக்காவுக்குப் போய் 1862இல் திரும்பி வந்தவர் தமிழிலேயே கற்பிக்கத் தீர்மானித்தார். 'இரணவைத்தியம்' போன்ற நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஊரில் தங்குபவர்களின் கையில் வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். முத்திரையும் மைப்பெட்டியும் அக்காவின் பொறுப்பாயின.

ஓய்வு பெற்றபின் அம்மாவை அதே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதிகள் எல்லாரும் புது முகங்கள். வாங்கு பைப்படியிலேயே இருந்தது. முத்திரையைக் கொப்பியில் எங்கே குத்துவது என்று புதிதாக வந்த மிஸ்ஸி ஒருவருக்கு அக்கா காட்டிக்கொண்டிருந்தா.