நாயின் பற்கள்

மாந்தர் பழக்கி வளர்த்த விலங்குகளுள் மிகப் பழமையானது நாயே என்பர் அறிஞர். முல்லை நிலத்தில் ஆட்டுக்கிடையையும், மருத நிலத்தில் மனைவாயிலையும் காத்துவந்த நாய், நெய்தல் நிலத்திலும் பரதவரை விட்டு நீங்கியதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி உள்ளது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்திய நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இவ்வேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் கோரைக்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. மடவையும் இறாலும் நண்டும் ஏற்றிய படகுகள் கரை சேரும்போது, கழித்தெறியும் மீன்தலைகளுக்காக நாய்கள் காத்து நிற்கும். அவை உண்ணும் முறையைக் கூர்ந்து நோக்கினால், நாயின் வாய் பல்வேறு கருவிகளை முறையாக அடுக்கிவைத்த ஒரு பெட்டி என்பது விளங்கும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22. மனிதனுக்கு உள்ளவை 32 மட்டுமே. நாயின் பற்கள் நால்வகைப்படும். வாயின் முன்னே, மேலும் கீழும் அவ்வாறாக நிற்கும் 12 பற்களும் வெட்டுப்பற்கள். எலும்பில் ஒட்டிய ஊனைச் சுரண்டுவதும், மயிரிடையே புகுந்த உண்ணியைக் கடித்தெடுப்பதும் இவற்றின் தொழில். இவற்றை அடுத்து, பக்கத்திற்கு ஒன்றாக மேலும் கீழும் நீண்டு வளைந்து நிற்பவை 4 கோரைப்பற்கள். இரையைக் குத்திப் பற்றுவதற்கு உரியவை இவையே. வெளியே தோன்றும் பகுதியைக் காட்டிலும் ஈறினுள் மறைந்த வேர் நீளமாக இருத்தலால், இப்பற்கள் எளிதில் அசைவதில்லை. அவற்றின் பின்னே 16 முன்கடைவாய்ப்பற்களும், இறுதியில் 10 பின்கடைவாய்ப்பற்களும் உள்ளன.

இவற்றுள் ஓரிணை தனிச்சிறப்பு உடையது. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும், கீழ்த்தாடையின் முதற் பின்கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று உரசி இறங்கும். நாய் கடினமான பொருளைத் தின்னும்போது தலையைச் சாய்த்து வாயின் ஓரத்தில் வைத்துக் கடிப்பதன் காரணம் இதுவே. வெட்டும் கருவி அங்கன்றோ இருக்கிறது! பசுவின் தாடை பக்கவாட்டில் அசைந்து புல்லை அரைக்கும். நாயின் தாடையோ பெரும்பாலும் மேலும் கீழுமே இயங்கும். ஆதலின், நாய் உணவை அரைத்து உண்பதில்லை; துண்டித்து விழுங்குகின்றது. நண்டின் ஓட்டைப் போன்ற வன்பொருளை நொறுக்குவதற்குப் பின்கடைவாய்ப்பற்கள் உதவுகின்றன.

இனி, இப்பற்கள் தோன்றி வளரும் முறையைக் காண்போம். நாயின் குட்டியைக் குருளை என வழங்குதல் தொல்காப்பியம் கூறும் மரபு. குருளை பிறக்கும்போது கண் திறந்திராது. வாயில் பல்லும் இராது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். எட்டாம் வாரத்திற்குள் 28 பாற்பற்களும் நிரம்பிவிடும். பின்கடைவாய்ப்பற்கள் அப்பருவத்தில் இரா. பாற்பற்கள் சிறியவை, ஆயினும் ஊசிபோல் கூரியவை. குருளை பால் குடிக்கும்போது அவை குத்துதலால் தாய் விலகிச் செல்லும்; பால் மறக்கும் பருவமும் நெருங்கும்.

நான்காம் திங்களில் நிலைப்பற்கள் அடியிலிருந்து எழத் தொடங்கும். அப்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து போகும். பிடிப்பிழந்த பல் தானே விழும். விழுந்த பற்களுட் பலவற்றைக் குருளை உணவோடு விழுங்கிவிடுதலால் அவை நம் கண்ணில் படுவது அரிது. முதலில் வெட்டுப்பற்களும், பின்னர் ஏனையவும் மாறி, ஏழாம் திங்களளவில் 42 பற்களும் அமைந்துவிடும். இப்பருவத்தில் ஈறு நோவெடுத்தலால், குருளை அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். வலையின் மிதவையும் காற்செருப்பும் அதன் வாய்க்குத் தப்பா. இதனைத் தீய குணம் என்று எண்ணி அடித்தல் தகாது. பழந்துணியை இறுக முடிந்து கடிக்கக் கொடுத்தல் நன்று.

குப்பத்தில் பிறக்கும் குருளைக்குப் பிறந்தநாள் குறித்து வைப்பார் யார்? பல்லே அதன் பிறப்பேடு. முன்வாயில் ஊசி போன்ற சிறுபற்களே நிறைந்திருந்தால், அது நான்கு திங்களுக்கு உட்பட்டது எனலாம். அவை விழுந்து அகன்ற பற்கள் எழுந்தால், நான்கு திங்கள் கடந்தது எனலாம். மூன்று திங்கள் நிறைந்தவுடன் குருளைக்கு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி இடுதல் வேண்டும். மருத்துவர் கூறும் காலங்களில் மீண்டும் இடுதல் வேண்டும். ஆகவே, முன்பற்கள் மாறிய பின்னும் ஊசி இடப்படாத குருளை உங்கள் தெருவில் உண்டெனில், காலம் கடந்துவிட்டது என்று அறிந்து பெரியோர்க்கு உடனே உரையுங்கள்.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெறிநோய்க் கிருமி, நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உறைவது. பெரிய நாய் கடித்தால் அஞ்சி ஓடிவரும் சிறுவர், விளையாட்டில் குருளையின் பல் கீறினால் அதனை மறைத்துவிடுகின்றனர். காயம் சிறிதாயினும் கிருமி புகுதற்கு அதுவே போதும். நோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால், கடிபட்டவுடன் முறையாக மருத்துவம் செய்துகொண்டால் நோய் வாராமலே தடுக்கலாம். 1885 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6 ஆம் நாள், லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். அவ்வறிஞர் பெயரால் நம் நீலகிரியில் உள்ள குன்னூரிலும் 1907 ஆம் ஆண்டு ஒரு நிலையம் தோன்றியது.

மாணவர்களே! நாயின் பல் பட்டால், காயத்தை ஓடும் நீரில் வழலைக்கட்டி இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ, சுண்ணாம்போ, மிளகாய்ப் பொடியோ அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் குறித்த நாள்களில் ஒன்றும் தவறாமல் ஊசி இட்டுக்கொள்ளுங்கள். வீட்டார் சினப்பர் என்று அஞ்சி மறைத்தல் உயிர்க்கே கேடாகும்.

நாயின் பல்லுக்கு அஞ்சி அதனைக் கல்லால் எறிந்து துரத்துதல் அறியாமை. பல்லின் இயல்பை அறிந்து, உரிய காலத்தில் உரியது செய்தல் அறிவுடைமை. அவ்வறிவு குருளையையும் காக்கும். அதனோடு விளையாடும் குழந்தையையும் காக்கும்.