அறுவைக்குப் பின் ஒரு மாத்திரை: ஆய்வுக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு

நுரையீரல் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பின், நோய் திரும்பாமலிருக்க இலக்குசார் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்குள் வருகிறீர்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் ஐந்து சொல்கிறேன்.

1. மரபணுவைப் பார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். ரேடியண்ட் ஆய்வில் 973 பேர் இருந்தார்கள். ஈஜிஎஃப்ஆர் புரதம் தெரிந்தாலே போதும் என்று சேர்த்தார்கள். மரபணு மாற்றத்தைக் கட்டாயமாக்கவில்லை. அதில் கொடுத்த எர்லோடினிப் மாத்திரை மொத்தத்தில் பலன் தரவில்லை. அடோரா ஆய்வு மாற்றம் உறுதியான 682 பேரை மட்டும் எடுத்தது. இரண்டாம், மூன்றாம்-ஏ நிலை நோயாளிகளில், இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஒசிமெர்டினிப் பிரிவில் 90 சதவீதம். வெற்று மாத்திரைப் பிரிவில் 44.

2. எடுத்த திசுவைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். நுரையீரல் துண்டை முழுசாக ஃபார்மலின் வாளியில் போட்டுவிட்டுப் போனால் நடுப்பகுதிக்கு மருந்து இறங்காது, உள்ளே அழுகிவிடும். அதில் மரபணுவைத் தேடிப் பயனில்லை. உடனே கீறி ஊறவைத்தார்களா என்று ஆய்வகத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

3. பக்கவிளைவைக் கண்ணால் பாருங்கள். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர் கட்டி நீங்கி வேலைக்குத் திரும்பியவர். ஒசிமெர்டினிப் என்றால் தினம் 80 மில்லிகிராம், மூன்று ஆண்டு. "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் கட்டைவிரலைப் பாருங்கள். நகச்சுற்று வந்து சிவந்திருக்கலாம். எத்தனை தடவை வயிற்றுப்போக்கு என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். மாத்திரை ஒருநாள் விட்டுப்போனது அப்போதுதான் வெளியே வரும்.

4. நோய் தள்ளிப்போவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல. சீனாவில் 222 பேரிடம் கெஃபிடினிப் மாத்திரையைக் கீமோவோடு ஒப்பிட்டார்கள். நோய் திரும்பாத காலம் 18 மாதத்திலிருந்து 28.7 மாதமானது, ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அடோராவில் அந்தக் கேள்விக்கு 2023-இல்தான் விடை வந்தது: ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் ஒசிமெர்டினிப் பிரிவில் 88 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 78. பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

5. சம்மதத்தை அவசரப்படுத்தாதீர்கள். "நீங்க சொன்னா சரிங்க" என்பது சம்மதமல்ல. வெற்று மாத்திரை கிடைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கையெழுத்து வாங்காதீர்கள்.

அடோராவில் வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் 343 பேர். அவர்கள் இல்லையென்றால் 88 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. இன்று அந்த மருந்தைப் பெறும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர். அந்த நினைவோடு ஒவ்வொரு படிவத்தையும் நிரப்புங்கள்.