சிறுநீர் கசிவு: அறிந்து அடக்கும் வழிகள்

நமது சங்கக் கூட்டங்களில் நூல் விலையைப் பற்றியும் உரக் கடனைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிறோம். இருமினால் புடவை நனைகிறது, கழிப்பிடம் சேருமுன் வேட்டி நனைகிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. கூட்டத்திற்கும் திருமணத்திற்கும் வராமல் நின்றுவிடும் முதியோரில் சிலர் இதன் பொருட்டே நின்றுவிடுகின்றனர். வயதானால் இப்படித்தான் என்று எண்ணி அவர்கள் வாளாவிருக்கின்றனர். அவ்வெண்ணம் தவறு. பெரும்பாலோருக்கு இதனைக் குறைக்கலாம். பலருக்கு முற்றிலும் நீக்கலாம்.

சிறுநீர்ப்பை தசையாலானது. வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் கொள்ளும். நிரம்பும்போது பை தளர்ந்தும், அதன் வாயும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகளும் இறுகியும் இருக்கும். கழிக்கும் வேளையில் பை இறுகி வாய் தளரும். தறியில் ஒரு மிதி தாழ மற்றது எழுவதைப் போன்ற ஒழுங்கு இது. ஒழுங்கு எங்கே குலைந்தது என்பதைப் பொறுத்தே பரிகாரம் அமையும்.

இருமும்போதும், தும்மும்போதும், நெற்கட்டைத் தூக்கும்போதும் கசிந்தால் தாங்கும் தசைகள் தளர்ந்துள்ளன என்று கொள்ளலாம். பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் இது மிகுதி. திடீரென அவசரம் தோன்றி, ஓடிச் செல்வதற்குள் வெளிப்பட்டால் பைத்தசை வேளை தவறி இறுகுகிறது. மூன்றாவது வகை வேறு. முதிய ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குவதால் பை முழுதும் காலியாகாமல், நிரம்பிய குடம் வழிவது போலச் சொட்டும். நீரிழிவினால் நரம்பு கெட்டோர்க்கும் இவ்வாறு நேரலாம். இது சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது. வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நம் பெண்மக்கள் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்வோர், ஒதுங்க இடமில்லை என்று காலை முதல் தண்ணீரே பருகுவதில்லை. அதனால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தி அவசரத்தைப் பெருக்குகிறது. மலச்சிக்கலும் சேர்ந்து பையை அழுத்துகிறது. தண்ணீரைக் குறைக்கலாகாது, தேநீரையும் காப்பியையும் குறைக்கலாம்.

தளர்ந்த தசைகளுக்கு உரிய பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதி வெளியிட்டார். செலவில்லாதது, தறியில் அமர்ந்தபடியே செய்யலாம். வாயுவை அடக்குவது போல் ஆசனவாயைச் சுற்றிய தசைகளை உள்ளிழுத்துச் சில விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்துக. மூச்சை அடக்கலாகாது, வயிறும் தொடையும் இறுகலாகாது. ஒரு வேளைக்கு 8 முறையாக, நாளொன்றுக்கு 3 வேளை செய்க. மூன்று மாதமேனும் விடாது செய்தாலன்றிப் பயனை மதிப்பிட இயலாது. பத்து நாளில் கைவிட்டுப் பயிற்சியைக் குறை கூறுவோரே மிகுதி.

அவசரம் உடையோர் பையைப் பழக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை செல்பவர் முதலில் கால் மணி தாழ்த்துக. அது பழகியபின் மேலும் கால் மணி. இவ்வாறு ஆறு வாரமேனும் முயன்று, மூன்று அல்லது நான்கு மணி இடைவெளியை எட்ட முயல்க.

படுக்கையிலுள்ள முதியவரை இரண்டு மணிக்கொருமுறை கேட்டு அழைத்துச் செல்க. இரவில் வழியில் விளக்கெரியட்டும். நனைந்ததும் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது வாசலைன் தடவினால் தோல் புண்ணாகாது. நாம் நெய்யும் பருத்தியில் பழந்துணியே மடித்து வைக்கச் சிறந்தது. அதனை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. வெட்கி இருட்டு மூலையில் உலர்த்துவதால்தான் தீங்கு. கடிந்து பேசினால் முதியவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்.

சிறுநீரில் இரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், நீர் அடைப்பு, முதுகுவலியோடு தொடையிடுக்கில் மரத்தல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனை செல்க. கடினமான பேற்றிற்குப் பின் ஓயாமல் ஒழுகினால் உள்ளே துளை விழுந்திருக்கலாம். அதனைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் மூட வேண்டியிருக்கும், பயிற்சி பயன்தராது.

மற்றையோர் செல்லுமுன், பருகியது எவ்வளவு, கழித்தது எப்போது, கசிந்தது எப்போது என மூன்று நாட்களுக்குக் குறித்துக்கொண்டு செல்க. பாவும் ஊடையும் கணக்கெழுதும் நமக்கு இது கடினமன்று. வைத்தியர் முதலில் கேட்பதும் இதுவே.